மக்காத துணி

போன ஜூனில் ஒரு குழந்தையின் காலுறையைக் கையில் எடுத்தேன். ஈரத் தரையில் கிடந்தது. பத்து வினாடி கையில் வைத்திருந்துவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான். யாரிடமாவது சொன்னால் "சரி, அப்புறம்?" என்று கேட்பார்கள். அப்புறம் ஒன்றுமில்லை. ஆனால் பாத்திரம் கழுவும்போதும், ஆபீஸ் முடிந்து லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்து வரும்போதும், அந்தக் காலுறை வந்து நிற்கிறது. வெளிர் மஞ்சள். கணுக்கால் பக்கம் ஒரு வாத்துப் பொம்மை. ஆறு மாதக் குழந்தைக்கான அளவு. பதினோரு மாதம் ஆகிவிட்டது. எழுதியாவது தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் கிளேர் கவுண்டி. அதில் என்னிஸ் என்ற சிறு நகரத்தில் எட்டு வருடமாக இருக்கிறோம். ஊரிலிருந்து யார் வந்தாலும் கிளிஃப்ஸ் ஆஃப் மோஹர் என்ற கடலோரக் குன்றுகளைக் காட்டக் கூட்டிப்போக வேண்டும். அப்படிப் பதினைந்து தடவை போயாகிவிட்டது. லிஸ்கேனர் என்ற மீனவ கிராமத்தைத் தாண்டியதும் சாலையோரம் உயரமான ஒரு கல்தூண் தெரியும். கொர்னீலியஸ் ஓ பிரையன் என்ற 19-ஆம் நூற்றாண்டு நிலப்பிரபுவின் நினைவுத் தூண் அது. 1835-இல் குன்றின் விளிம்பில் கோபுரம் கட்டியவரும் அவரே. இந்தப் பக்கத்தில் குன்றுகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர்தான் கட்டினார் என்று ஊரில் கிண்டலடிப்பார்கள். தூணுக்குக் கீழே மரங்கள் அடர்ந்த ஒரு மூலையில் இருக்கிறது புனித பிரிஜிட்டின் கிணறு. ஐரிஷில் 'டவக் வ்ரீடா', அதாவது பிரிஜிட்டின் தொட்டி. வருடத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் குன்றுகளைப் பார்க்க வருகிறார்கள். அந்தப் பேருந்துகளில் பெரும்பாலானவை இதைத் தாண்டி விர்ரென்று போய்விடும். நானும் பதின்மூன்று தடவை அப்படித்தான் போனேன்.

பதினான்காவது தடவை மூடுபனி. குன்றின் விளிம்பில் நின்றும் கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. வந்திருந்த சித்தப்பா, "இதுக்கா டிக்கெட்டு?" என்றார். திரும்பும்போது காரில் குழந்தைக்கு வாந்தி வரும்போல இருக்க, வண்டியை ஓரம் கட்டிய இடம் இந்தக் கிணறு. மற்றவர்கள் குழந்தையைக் காற்றாட நடத்திக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனேன்.

கிணறு என்றால் நமக்கு உறை, கப்பி, வாளி எல்லாம் மனதில் வரும். இங்கே 'ஹோலி வெல்' என்று சொல்வது பெரும்பாலும் சுனைதான். பாறையிலிருந்தோ மண்ணிலிருந்தோ தானாக ஊறி வருகிற தண்ணீர். நாடு முழுக்க இப்படி மூவாயிரம் இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 'டோபர்' என்பது ஐரிஷில் சுனை. டப்பர்கரி, டோபர்மோர், பாலின்டபர் என்று ஊர்ப் பெயர்களிலேயே தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பல சுனைகள் வயல் நடுவே நாலு கல்லும் ஒரு முள்மரமுமாக இருக்கும். மாடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். லிஸ்கேனர் அப்படியில்லை. வெளியே கண்ணாடிக் கூண்டுக்குள் பிரிஜிட்டின் சிலை. பின்னால் சரிவுக்குள் குடைந்ததுபோல, சுண்ணாம்படித்த ஒரு குறுகலான கல் பாதை. ஓர் ஆள் போகலாம். எதிரே இன்னொருவர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சுவரில்தான் ஒட்ட இடமே இல்லை.

படங்கள். இயேசு, மரியாள், பாத்ரே பியோ என்ற இத்தாலியப் புனிதர். ஜெபமாலைகள், ஒன்றன்மேல் ஒன்றாக நூறு இருக்கும். இறந்தவர்களின் நினைவு அட்டைகள், ஈரத்தில் வளைந்து போனவை. பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட கடிதங்கள். மூக்குக் கண்ணாடி. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சுகிற நீலக் குப்பி. மருத்துவமனையில் கையில் கட்டுகிற வார். கருவிலிருக்கும் குழந்தையின் ஸ்கேன் படம், வெளிறி வெளிறிக் கிட்டத்தட்ட வெறும் காகிதமாகிவிட்டது. எல்லாவற்றின் மேலும் பச்சைப்பாசி. கடைசியில், இருட்டில், சுவரிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லாமல் என்று சொல்ல முடியாது, யாரோ பக்கத்து அறையில் குழாயை முழுக்க மூட மறந்ததுபோல.

அந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால்தான் காலுறை கிடந்தது. திண்டிலிருந்து நழுவி விழுந்திருக்க வேண்டும். யாராவது மிதித்துவிடுவார்களே என்று குனிந்து எடுத்தேன். வீட்டில் பிள்ளையுள்ள யாரும் எடுப்பார்கள்.

"லீவ் இட், பெட்."

பின்னால் ஓர் அம்மாள் நின்றிருந்தார். எண்பது இருக்கும். மழைக்கோட்டு, கையில் காலி பால் பாட்டில். 'பெட்' என்று இங்கே வயதான பெண்கள் எல்லாரையும் கூப்பிடுவார்கள், 'கண்ணு' என்று நாம் சொல்வதில்லையா, அதுபோல.

"கீழே கிடந்தது, மேலே வைக்கலாம்னு…" என்றேன்.

"தெரியுது. ஆனா அது இங்கே விடறதுக்குன்னு கொண்டுவந்தது. எடுக்கிறவங்களோட கூட வந்துடும்." பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். மிரட்டல் இல்லை, இரகசியக் குரல் இல்லை. சொல்லிவிட்டு என்னைச் சுற்றி நகர்ந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்தார். நான் காலுறையைக் கீழேயே வைத்தேன். மேலே திண்டில் வைக்கலாமா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

வெளியே வந்து கையைக் கழுவினேன். வாந்தி எடுத்த பிள்ளைக்காக வைத்திருந்த தண்ணீர் பாட்டில், கிருமிநாசினி, இரண்டையும் போட்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு குழந்தையின் நோய் துணியில் ஒட்டிக்கொண்டிருக்கும், தொட்டால் ஏறிக்கொள்ளும் என்று நான் நம்பவில்லை. ஆனால் கழுவினேன். அன்றிரவு மகனுக்குக் காலுறை மாட்டும்போது இன்னொரு தடவையும் கழுவினேன்.

தெஷல்

அந்த அம்மாள் என்னை அதோடு விடவில்லை. "ரவுண்ட்ஸ் போனீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும் காட்டினார். பாதையின் மேலே படியேறினால் பழைய இடுகாடு, மரங்கள், ஒரு சிலுவை. சிலையில் தொடங்கி, ஜெபம் சொல்லிக்கொண்டே சுற்றி, மேலே போய் அங்கேயும் சுற்றி, கடைசியில் இறங்கி வந்து தண்ணீர் குடிக்க வேண்டும். முக்கியம் திசைதான். சூரியன் போகிற பக்கமாகச் சுற்ற வேண்டும். அதற்குத் 'தெஷல்' என்று பெயர். எதிர்த்திசையில் சுற்றினால் 'தூஹல்'. அந்தச் சொல்லுக்குத் தப்பு, கோணல் என்ற பொருளும் உண்டு. சில கிணறுகளில் எதிர்த்திசையில் சுற்றி ஒருவருக்குச் சாபம் இடவும் செய்வார்களாம். எண்ணிக்கை தப்பாமலிருக்கக் கையில் கூழாங்கற்களை வைத்துக்கொண்டு சுற்றுக்கு ஒன்றாகப் போடுவது பல கிணறுகளில் வழக்கம். செருப்பில்லாமல் நடப்பது இன்னும் நல்லது.

இந்த இடத்தில் படிப்பவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். சித்தப்பா காரில் ஏறும் முன்பே சொல்லிவிட்டார்: "அட, நம்மூர் மாதிரியே இருக்கே!" வெளிநாட்டில் எட்டு வருடம் இருந்ததில் எனக்கு மிகவும் அலுத்துப்போன வாக்கியம் இது. பிரதட்சிணம், நேர்த்திக்கடன், மரத்தில் தொட்டில் என்று வரிசையாகப் பொருத்திவிட்டால் பார்த்தது முடிந்துபோகிறது. பொருந்தாத இடத்தில்தான் எனக்கு ஆர்வம். அந்தப் பாதைக்குள் வாங்கி வைக்க யாருமில்லை. பூசாரி இல்லை, ரசீது இல்லை, அர்ச்சனைத் தட்டைத் திருப்பித் தருகிற கை இல்லை. வைத்ததிலிருந்து பிரசாதமாக ஒரு துளிகூடத் திரும்பி வருவதில்லை. கொண்டுவந்ததை விட்டுவிட்டுப் போக வேண்டும், அவ்வளவே. தண்ணீர் மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பிரிஜிட்டைப் பற்றிப் பேசும்போதும் எல்லாரும் ஓடிப்போய் நிற்கிற இடம் ஒன்று உண்டு. 9-ஆம் நூற்றாண்டு ஐரிஷ் சொல் அகராதி ஒன்றில், தாக்தா என்ற தெய்வத்தின் மகளாக, கவிஞர்களின் தெய்வமாக ஒரு பிரிஜிட் வருகிறாள். அவளுக்கு அதே பெயரில் இரண்டு சகோதரிகள், ஒருத்தி மருத்துவத்துக்கு, ஒருத்தி கொல்லுத் தொழிலுக்கு. பிறகு கில்டேரில் மடம் நிறுவிய புனிதை பிரிஜிட். அவளுடைய நாள் பிப்ரவரி 1, பழைய இம்போல்க் பண்டிகை நாள். தெய்வம் புனிதையானாளா, இரண்டு பேர் ஒன்றானார்களா என்று பேசிக்கொண்டே போகலாம். எனக்கு லிஸ்கேனரில் வேறொன்று பிடித்தது. இங்கே பெருங்கூட்டம் கூடிய நாள் பிரிஜிட்டின் நாளே அல்ல, ஜூலை கடைசி ஞாயிறு. அறுவடைத் தொடக்கத்தின் ஞாயிறு, புது உருளைக்கிழங்கு தோண்டுகிற சமயம். க்ரோம் டூவ் என்ற பழைய உருவத்தின் பெயரையும் அந்த நாளுக்குச் சொல்வார்கள். எதிரே கடலில் தெரியும் ஆரன் தீவுகளிலிருந்து படகேறி வருவார்கள். சனி இரவு முழுக்கக் கிணற்றடியில் விழித்திருந்து ஜெபம், பாட்டு. விடிந்ததும் லஹிஞ்ச் கடற்கரைக்குப் போய்க் கூத்தும் விளையாட்டும். புனிதையின் பெயர் பலகையில் இருக்கிறது, ஆனால் நாளை முடிவு செய்தது உருளைக்கிழங்கு.

பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுகள்

காலுறை விஷயத்தை ஆபீசில் ஒரு தோழியிடம் சொன்னேன். கிளேர்க்காரி, என் வயதுதான். சிரிப்பாள் என்று நினைத்தேன். "எடுத்தியா? கையிலயா?" என்றாள். பிறகு சிரித்தாள், ஆனால் முதலில் கேட்டுவிட்டாள். அவள்தான் பள்ளிக்கூடத் தொகுப்பைப் பற்றிச் சொன்னாள்.

1937 முதல் 1939 வரை ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒரு காரியம் செய்தது. குடியரசிலுள்ள 26 கவுண்டிகளில், சுமார் 5,000 ஆரம்பப் பள்ளிகளில், ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கட்டுரைப் பாடத்துக்குப் பதிலாக ஒரு வேலை கொடுத்தார்கள்: வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வா. பேய்க்கதை, வீட்டு வைத்தியம், வானிலைக் குறி, பஞ்சகாலம் என்று 50-க்கு மேற்பட்ட தலைப்புகள். அதில் ஒன்று 'புனிதக் கிணறுகள்'. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 7,40,000 பக்கம். இப்போது இணையத்தில் எல்லாமே கிடைக்கிறது. கையெழுத்துப் பக்கங்களைத் தட்டச்சு செய்து தரத் தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். குளிர்கால இரவுகளில் வேறு வேலை என்ன, நானும் சேர்ந்தேன். நீல மசி, சாய்ந்த எழுத்து, ஆசிரியருக்குப் பயந்து நேராக வைத்த வரிகள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு தண்ணீரைப் பற்றி இத்தனை விதிகள் தெரிந்திருக்கிறதே என்று ஆச்சரியமாக இருக்கும்.

ஒரே கதைகள் ஊர் ஊராக வேடம் மாற்றி வரும். கிணற்று நீர் கொதிக்காது. தெரியாமல் தேநீருக்கு வைத்தவர் விறகு தீருமட்டும் உட்கார்ந்திருந்தார், தண்ணீர் சுடக்கூட இல்லை. கிணற்றில் அழுக்குத் துணி அலசினாள் ஒருத்தி. மறுநாள் கிணறு அங்கே இல்லை, இரண்டு வயல் தள்ளி ஊறிக்கொண்டிருந்தது. துரை ஒருவர் தன் குருட்டுக் குதிரையைக் கொண்டுவந்து கழுவினார். குதிரைக்குப் பார்வை வந்தது, துரைக்குப் போனது. இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. கிணற்றடி மரத்தை ஒருவன் வெட்டப் போகிறான். கோடரியை ஓங்கினால் தூரத்தில் தன் வீடு தீப்பிடித்து எரிகிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. திரும்ப வந்து வெட்டுகிறான், திரும்ப வீடு எரிகிறது, ஓடினால் ஒன்றுமில்லை. மூன்றாம் தடவை, கண்கட்டு வித்தை என்று ஓடாமல் மரத்தை வெட்டி முடித்துவிட்டு நிதானமாக வீட்டுக்குப் போகிறான். வீடு சாம்பல்.

மின்விளக்கை அணைத்துவிட்டு இதை மகனுக்குச் சொன்னேன். "ரெண்டு தடவை வார்னிங் குடுத்திருக்காங்கல்ல" என்றான்.

அவன் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. வேலி இல்லாத, காவலாளி இல்லாத, வயல் நடுவில் கிடக்கிற ஒரு சுனையை யார் காப்பாற்றுவது? இந்தக் கதைகள்தான் காவல். துணி அலசாதே, மாட்டை இறக்காதே, மரத்தை வெட்டாதே, சமையலுக்கு மொள்ளாதே. பலகை வைத்தால் படிக்கத் தெரிய வேண்டும், படித்தாலும் யார் மதிக்கிறார்கள்? குருடான துரையின் கதை போதும். காலுறையை எடுக்காதே என்பதும் அந்த வரிசையில்தான் வருகிறது. தன் நோயைத் துணியில் கட்டி விட்டுப் போனவளுக்கு, அதை இன்னொருத்தி கலைக்க மாட்டாள் என்ற உறுதி வேண்டும். அந்த உறுதியைத் தர ஆள் போட முடியாது. தொட்டால் உனக்கு வரும் என்று ஒரு வார்த்தை போதும்.

ஆளே போடாமல் நின்ற இந்த வழக்கத்தை நிறுத்த ஆள் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. 1704-ஆம் ஆண்டுச் சட்டம் கிணறுகளில் கூடுவதைக் கலகக் கூட்டம் என்றது. போனால் பத்து ஷில்லிங் அபராதம், கட்ட முடியாவிட்டால் பொது இடத்தில் கசையடி. அங்கே கள்ளோ தின்பண்டமோ விற்றால் இருபது ஷில்லிங். கத்தோலிக்கர்களை ஒடுக்க வந்த சட்டம் அது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதற்கு முன்பே, 1660-இல், டூம் என்ற ஊரில் கூடிய கத்தோலிக்கப் பாதிரிமார் கூட்டமும் கிணற்றடியில் ஆட்டம், குழல், கும்மாளம் கூடாது என்று தடை போட்டிருந்தது. 'பேட்டர்ன்' என்று சொல்கிற திருவிழாக்கள் (காவல் புனிதர் என்ற பொருளுள்ள 'பேட்ரன்' மருவியது) பகலில் ஜெபமும் பொழுது சாய்ந்தால் சாராயமும் கோஷ்டிச் சண்டையுமாக இருந்தன. 19-ஆம் நூற்றாண்டில் பாதிரியார்களே பல இடங்களில் முன்னின்று நிறுத்தினார்கள். ஆக ஆட்சியும் எதிர்த்தது, சொந்த மதமும் முகம் சுளித்தது. கூட்டம் குறைந்தது, ஆட்டம் போயிற்று. காலி பால் பாட்டிலோடு அந்த அம்மாள் வந்துகொண்டுதான் இருக்கிறார்.

பாலியெஸ்டர்

சரி, இப்போது என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன்.

துணி கட்டுவதன் கணக்கு தெளிவானது. வலிக்கிற இடத்தில் துணியை வைத்துத் தேய்த்து, அல்லது சுனையில் நனைத்துத் துடைத்து, கிணற்றடி மரத்தில் கட்ட வேண்டும். பெரும்பாலும் முள்மரம், அல்லது ஆஷ் மரம். துணி மக்க மக்க நோய் மக்கும். துணி போனால் நோயும் போயிற்று. அவிழ்ப்பவருக்கு அது ஏறிக்கொள்ளும். இதுதான் பள்ளிக்கூட நோட்டுகளில் இருப்பது, அந்த அம்மாள் சொன்னதும் இதுதான். 1937-இல் வீட்டிலிருந்து கிழித்து வந்தது கம்பளி, லினன், பருத்தி. இந்த ஊர் மழைக்கு எத்தனை நாள் தாங்கும்? இப்போது மரங்களில் தொங்குவது நைலான் ரிப்பன், கால்பந்து அணியின் கழுத்துத் துண்டு, கேபிள் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை. நான் எடுத்த காலுறையை விரல் நினைவு வைத்திருக்கிறது. அதில் பஞ்சின் கனமே இல்லை. வழுவழுவென்றிருந்தது. பாலியெஸ்டர்.

அப்படியானால் அந்தக் குழந்தை?

அபத்தமான கேள்விதான். நம்பாதவளுக்கு இந்தக் கேள்வியே வரக் கூடாது. நம்பினால் கணக்குப் போட வேண்டும், நம்பாவிட்டால் கணக்கே வேண்டாம். நான் இரண்டுக்கும் நடுவே, நம்பாமலே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு வீட்டில் ஒரு தாய், அவசரத்தில் கைக்கு வந்த காலுறையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். லேபிளைப் படித்தா பார்ப்பாள்?

பக்தி எப்படிக் காரியத்தைக் கெடுக்கும் என்பதற்கு லீஷ் கவுண்டியில் ஒரு மரம் இருக்கிறது. க்ளோனினாவில் புனித ஃபின்டனின் மரம், ஒரு சிக்கமோர். அங்கேயும் கதை கிணற்றில்தான் தொடங்குகிறது. கூட்டம் தொல்லை என்று நிலக்காரர் கிணற்றை மூடிவிட, அது மரத்தின் கவட்டில் போய் ஊறியதாம். கவட்டில் தேங்கிய அந்தத் தண்ணீரைத் தொட்டுக் கும்பிட்டவர்கள் காணிக்கையாகக் காசுகளை மரப்பட்டையில் அடித்து இறக்கினார்கள். நூற்றுக்கணக்கில். செம்பு ஏறி மரம் நோய்ப்பட்டு 1994-இல் சாய்ந்தது. விழுந்த அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்த்திருக்கிறது என்பது ஓர் ஆறுதல். போன அக்டோபரில் டப்ளின் போகும் வழியில் மோட்டார்வேயை விட்டு இறங்கிப் பார்த்தேன். பழைய கட்டையில் காசுகள் அப்படியே, மடங்கி, கறுத்து. மரம் வாயில் ஆணியை அடக்கிக்கொண்டிருக்கிற தச்சரைப் போலிருந்தது.

இதனால் சில கிணறுகளில் உள்ளூர்க் குழுக்கள் பிளாஸ்டிக்கை அகற்றுகின்றன, மக்கும் துணி மட்டும் கட்டுங்கள் என்று எழுதி வைக்கின்றன. மரத்தைப் பார்த்தால் அது சரி. இறுகிய நைலான் கிளையை நெரித்துவிடும். ஆனால் ஒரு சனிக்கிழமை காலை கையுறை போட்டுக்கொண்டு, கறுப்புப் பையில், யார் யாரோ விட்டுப்போனதை எல்லாம் அள்ளுகிறவரை நினைத்துப் பார்க்கிறேன். அவர் வீட்டுக்குப் போய்க் கையை எத்தனை தடவை கழுவுவார்? என் தோழியிடம் கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "எங்க பாட்டி இருந்தா அவிழ்க்க விடமாட்டா. ஆனா நைலானைக் கட்டவும் விட்டிருக்க மாட்டா" என்றாள். எனக்குக் கிடைத்த நல்ல பதில் இதுதான்.

பிப்ரவரி

2023-லிருந்து பிரிஜிட் நாளுக்கு இங்கே பொது விடுமுறை. இந்த வருடம் அந்த லீவில் தனியாக லிஸ்கேனர் போனேன். மகன் பள்ளியில் நாணலைப் பின்னி ஒரு சிலுவை செய்திருந்தான், நாலு கையும் நாலு பக்கம் சுழல்வதுபோல. பாதைக்குள் அதேபோல் பச்சை வாடாத நாணல் சிலுவைகள் நிறைய இருந்தன. கூட்டமும் இருந்தது. வரிசையில் நின்று, சுவரோடு ஒட்டி ஒட்டி உள்ளே போனேன். எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தொட்டிக்குள் குனிந்து விலாங்கைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தண்ணீரில் விலாங்கு கண்ணில் பட்டால் வேண்டியது பலிக்கும் என்பார்கள். "இருக்கு, இருக்கு!" என்று ஒருவன் கத்தினான். அது ஜெபமாலை.

காலுறை இருந்தது. தரையில் இல்லை. யாரோ திண்டுக்கு அடியில், பெரணி முளைத்திருந்த இடுக்கில் தள்ளியிருந்தார்கள். மேலே இல்லை, கீழே இல்லை, மிதிபடாது, எடுத்ததாகவும் ஆகாது. காலால் தள்ளியிருக்க வேண்டும் என்று தோன்றியது. எட்டு மாதத்தில் மஞ்சள் அப்படியே இருந்தது. வாத்தின் ஒரு கண் போயிருந்தது. ஆனால் மேல்விளிம்பிலிருந்து பாதிவரை பாசி படர்ந்து, அதில் மெல்லிய சணல் நார்போல ஏதோ வேர். பாலியெஸ்டர் மக்காது, சரி. பாசிக்கு அது தெரியவில்லை.

நான் தொடவில்லை.

மேலே படியேறினேன். கோட்டுப் பையில் ஒரு துணித்துண்டு கொண்டுபோயிருந்தேன். இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என் மகனுக்குத் தூளி கட்ட அம்மா கொடுத்தனுப்பிய பழைய சுங்குடிச் சேலை அலமாரியில் இருக்கிறது. அதன் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் கிழித்து எடுத்திருந்தேன். அம்மாவுக்கு மூன்று வருடமாக முழங்கால் வலி, கோவில்பட்டியில் மாடிப்படி ஏற முடியவில்லை. வர முடியாதவருக்காக இன்னொருவர் சுற்றலாம் என்று நோட்டுகளில் படித்திருக்கிறேன். சூரியன் போகிற பக்கமாகச் சுற்றினேன். ஜெபம் தெரியாது, எண்ண மட்டும் செய்தேன். காற்றில் விரல் மரத்து முடிச்சுப் போட வரவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்காமலே கிளையைப் பிடித்துக்கொண்டார். முடித்ததும் தலையசைத்துவிட்டுப் போனார்.

அம்மாவிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசும்போதெல்லாம் "கால் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "எப்பவும் போலத்தான். ஏன் வாராவாரம் கேக்க?" என்றாள். ஏப்ரலில் கணவரின் நண்பர் குடும்பத்தோடு பதினைந்தாவது தடவையாகக் குன்றுகளுக்குப் போனபோது, திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தி மேலே ஏறிப் பார்த்தேன். சாயம் வெளுத்திருந்தது. முடிச்சு அப்படியே, நான் போட்டதைவிட இறுக்கமாக.

போன வாரம்தான் அம்மாவிடம் சொன்னேன். காலுறை, அந்த அம்மாள், மரம், துணி மக்கினால் வலி போகும் என்பது வரைக்கும். திட்டுவாள், அல்லது கண் கலங்குவாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"எந்தச் சேலையைக் கிழிச்ச? அரக்குல மஞ்சப் புள்ளி போட்டதா?"

"ஆமா."

"அட கூறுகெட்டவளே. அது நல்ல நூலுடி. அவ்வளவு சீக்கிரம் மக்காது."